பொற்கன்னக் கதிர்க்குருவியும் பூங்காத் தடங்களும்: ஆஸ்டின் நகரின் நிகழ்வு ஆய்வு

வயதான ஆஷ் ஜூனிப்பர் மரத்தின் பட்டை நார்நாராக உரியும். காகிதம்போல் மெலிந்த அந்த நாரை அலகால் பற்றி இழுத்து, சிலந்தி நூலால் கட்டி, கிளைக் கவட்டில் சிறு கிண்ணமாகப் பின்னுகிறது சுமார் 10 கிராம் எடையுள்ள ஒரு பெண் குருவி. கூட்டின் வெளிப்புறமும் பட்டை, அது உட்கார்ந்திருக்கும் மரமும் பட்டை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மரத்தில் ஒரு முண்டு இருப்பதுபோலத்தான் தெரியும். ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில், மேலே இலைக்கூரை மூடியிருக்கும் இடத்தில் இந்தக் கூடு இருக்கும். அதே மரத்துக்குக் கீழே சைக்கிள் தடம் ஒன்று ஓடினால் கூட்டுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

பறவையின் பெயர் பொற்கன்னக் கதிர்க்குருவி. உலகில் இது முட்டையிடும் ஒரே இடம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், அதிலும் மாநிலத்தின் நடுப்பகுதி மட்டும். குளிர்காலத்தைத் தெற்கு மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், நிகரகுவா மலைக்காடுகளில் கழித்துவிட்டு, மார்ச் முதல் பாதியில் ஆண் பறவைகள் வந்து சேரும். சில நாள் கழித்துப் பெண் பறவைகள் வரும். ஜூலை முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும். 1990 மே மாதம் அவசர ஆணை மூலம் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த ஆணை நிரந்தரமாயிற்று.

இந்தக் குருவியின் காடு இருக்கும் இடத்தில்தான் ஆஸ்டின் நகரமும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1990 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 4,65,622, 2020-இல் 9,61,855. நகருக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், ஓடைப் பள்ளங்கள், ஓக் மரங்களும் ஜூனிப்பரும் கலந்த அடர்ந்த சரிவுகள். வீடு கட்ட விரும்புகிறவருக்கு அது அழகான மேட்டு நிலம். சைக்கிள்காரருக்கு ஏற்ற இறக்கம் நிறைந்த நல்ல தடம். குருவிக்கு வேறு போக்கிடமில்லை.

பேரமாக வந்த காடு

1996 மே 2 அன்று ஆஸ்டின் மாநகராட்சிக்கும் டிராவிஸ் கவுன்டிக்கும் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மத்திய அரசின் மீன்–வன உயிரினத் துறை 30 ஆண்டு அனுமதி ஒன்றை வழங்கியது. அதன் சாரம் இது: கவுன்டியின் மேற்குப் பகுதியில் வீடுகளும் சாலைகளும் கட்டுவதால் அழியும் வாழிடத்துக்கு ஈடாக, குறைந்தது 30,428 ஏக்கர் நிலம் நிரந்தரக் காப்பகமாக வைக்கப்படும். இதுதான் பால்கோன்ஸ் கேன்யன்லேண்ட்ஸ் காப்பகம். (இதே பெயரில் நகருக்கு வடமேற்கே மத்திய அரசின் வன உயிரினப் புகலிடம் ஒன்றும் உண்டு. அது வேறு, இது வேறு. செய்திகளில் இரண்டையும் அடிக்கடி போட்டுக் குழப்புகிறார்கள்.) எட்டு இனங்களுக்காக இந்த ஏற்பாடு: பொற்கன்னக் கதிர்க்குருவி, கருந்தொப்பி விரியோ என இரண்டு பறவைகள், குகைகளில் வாழும் ஆறு சிற்றுயிர்கள். விரியோ நன்றாகத் தேறியதால் 2018-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

காப்பகம் ஒரே துண்டாக இல்லை. நகருக்குள்ளும் சுற்றிலும் சிதறிக் கிடக்கும் பல துண்டுகளின் தொகுப்பு. அவற்றில் சில, 1992-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்த 2.2 கோடி டாலர் கடன்பத்திரப் பணத்தில் வாங்கியவை. வேறு சில ஏற்கெனவே பொதுப் பூங்காவாக இருந்தவை. ஆஸ்டின் ஏரிக்கரையில் உள்ள எம்மா லாங் பூங்கா இரண்டாம் வகை. அங்கே 1930-கள் முதலே மக்கள் குளிக்க, கூடாரமடிக்க வந்துகொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் மலைச் சைக்கிளும் ஓடும் தடமும் அங்கே உண்டு. 1996-க்கு முன்பே வழக்கத்தில் இருந்த இத்தகைய பயன்பாடுகள் தொடரலாம் என்று விட்டுவைத்தார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், அதனால் பறவைக்குக் கெடுதி இல்லை என்று முதலில் காட்ட வேண்டும்.

இங்கேதான் பொதுமக்களோடு ஓயாத வாக்குவாதம். “எங்கள் வரிப்பணத்தில் வாங்கிய காட்டுக்குள் நாங்கள் ஏன் போகக் கூடாது?” கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் இந்த ஏக்கர்கள் வெறும் நிலமல்ல, ஏற்கெனவே அழித்த வாழிடத்துக்குக் கட்டிய ஈட்டுத்தொகை. வேறோர் இடத்தில் மரத்தை வெட்டி வீடு கட்டி, மக்கள் குடியேறியாகிவிட்டது. அதற்கு ஈடாக வைத்த காட்டில் கூடு பாழானால், ஒரே கடனுக்குப் பறவை இரண்டு முறை வட்டி கட்டுகிறது. பூங்கா நிர்வாகிகள் இதை முதல் கூட்டத்திலேயே, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகவே எடுத்துக்கொள்வார்கள்.

25 நாள் கணக்கு

பெண் குருவி நான்கைந்து நாளில் கூடு கட்டும். பெரும்பாலும் நான்கு முட்டை, நாளுக்கு ஒன்றாக. அடைகாப்பு சுமார் 12 நாள். குஞ்சுகள் கூட்டில் இருப்பது சுமார் 9 நாள். முதல் முட்டையிலிருந்து குஞ்சு கூட்டை விட்டு இறங்கும்வரை 25 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 25 நாளும் கூடு தப்ப வேண்டும்.

ஒரு நாளில் கூடு தப்பும் வாய்ப்பு 98.5 விழுக்காடு என்றால், 25 நாளும் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 68 விழுக்காடு. தினசரி வாய்ப்பு 96 ஆகக் குறைந்தால் மொத்தம் 36-க்கு இறங்கிவிடும். நாளொன்றுக்கு இரண்டரைப் புள்ளி இழப்பு, முடிவில் பாதிக் கூடுகள் காலி. “ஒரு சைக்கிள் போனால் பறவை செத்தா போய்விடும்?” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவதே சரியான பதில். ஒரு சைக்கிளால் எதுவும் ஆகாது. ஒவ்வொரு நாளும் சேரும் சிறு கூடுதல் ஆபத்துதான் கூட்டை முடிக்கிறது.

மத்திய டெக்சஸில் சைக்கிள் ஓடும் காட்டையும் ஓடாத காட்டையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. சைக்கிள் தடமுள்ள இடங்களில் ஆண் பறவைகளின் ஆளுகைப் பரப்பு, அதாவது ஒவ்வோர் ஆணும் தனதென்று பாடிக் காக்கும் நிலம், ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக இருந்தது. ஆகவே அதே அளவு காட்டில் குறைவான இணைகள். கூட்டின் வெற்றி ஏறக்குறைய பாதியாக இருந்தது. கட்டிய கூட்டைப் பாதியில் கைவிடுவதும் அங்கே அதிகம்.

இதில் எல்லோரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. சைக்கிள் ஓடும் காட்டிலும் குருவி பாடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் தடத்தில் நடந்துபோகும் யாருக்கும் பாட்டு காதில் விழும். “பாருங்கள், பறவை பழகிவிட்டது” என்ற முடிவுக்கு வருவார்கள். ஆண் பறவை போன ஆண்டு பிடித்த அதே பள்ளத்தாக்குக்கே திரும்பி வரும் பழக்கமுடையது. குஞ்சு பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அங்கே நின்று பாடும். பாட்டைக் கேட்டு நலத்தை முடிவு செய்யக் கூடாது.

தடம் கூட்டை எப்படிக் கெடுக்கிறது

முதல் காரணம், கூரையில் விழும் ஓட்டை. இந்தக் குருவிக்கு மரத்தலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட பரப்பை இலைக்கூரை மூடிய காடுதான் அதற்கு நல்ல காடு. வளைந்து நெளிந்து போகும் சைக்கிள் தடத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் பார்வை மறைக்கிறது என்று ஒரு கிளை, தலையில் இடிக்கிறது என்று இன்னொரு கிளை வெட்டப்படும். டெக்சஸ்காரர்கள் ஜூனிப்பரை ‘சீடர்’ என்பார்கள். குளிர்காலத்தில் அதன் மகரந்தத்தால் மூக்கொழுகி ‘சீடர் காய்ச்சல்’ வருவதால், ஊரில் யாருக்கும் அந்த மரத்தைப் பிடிக்காது. தடம் அமைக்கும் தன்னார்வலர்கள் ஓக்கைத் தொடாமல் பத்திரமாகச் சுற்றிப் போவார்கள். ஜூனிப்பரைக் களை என்று வெட்டித் தள்ளுவார்கள். கூட்டுக்கு நார் தருவது அந்த மரம்தான், அதுவும் இளமரமல்ல, பல பத்தாண்டு வயதான மரம். ஓக் இளந்தளிர் விடும்போது பெருகும் புழுக்கள் குஞ்சுக்கு இரை. இரண்டு மரமும் சேர்ந்து நின்றால்தான் ஒரு கூடு.

இரண்டாவது, பாம்பு. கூடுகளில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வில் முதன்மைக் கொள்ளையனாகத் தெரிந்தது டெக்சஸ் மரச்சாரை. செங்குத்தான அடிமரத்தில் அலட்சியமாக ஏறும். முட்டையையும் குஞ்சையும் எடுப்பதோடு, இரவில் அடைகாக்கும் தாயையும் சில நேரம் பிடித்துவிடுகிறது. இவ்வகைப் பாம்புகள் காட்டு விளிம்பை விரும்பும்: வெயில் காய ஒரு பக்கம், ஒளிய ஒரு பக்கம். தடம் என்பது காட்டுக்குள் புதிதாக வெட்டிய விளிம்பு. ஒரு கிலோமீட்டர் தடத்தில் இரு பக்கமும் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் விளிம்பு.

மூன்றாவது, மனிதர் கொண்டுவரும் விருந்தாளிகள். ரொட்டித் துணுக்கும் உருளை வறுவலும் சிந்தும் இடத்தில் நீல ஜே பறவை வந்து நிற்கும்; கூட்டை நோட்டமிடுவதில் அது கெட்டிக்காரப் பறவை. பழுப்புத்தலை கௌபேர்ட் குயிலைப்போலப் பிறர் கூட்டில் முட்டையிடும். அதற்கும் திறந்தவெளியும் சிந்திய தானியமும் வேண்டும். மண்ணைக் கிளறிய இடத்தில் சிவப்பு நெருப்பெறும்பு புற்று வைக்கும். இவை எவற்றையும் சைக்கிள்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. தடத்தோடு சேர்ந்து வருபவை இவை.

நான்காவது, நேரடித் தொந்தரவு. அடைகாக்கும் பறவை ஒவ்வொரு முறை கூட்டை விட்டுப் பறக்கும்போதும் முட்டை குளிர்கிறது என்பதைவிட, அது பறந்த இடத்தை அருகில் இருக்கும் ஜே பார்த்துவிடுகிறது என்பதே பெரிய கேடு. அவிழ்த்துவிட்ட நாய் இதில் சைக்கிளைவிட மோசம், ஏனென்றால் நாய் தடத்தில் நிற்காது.

தடத்தின் உண்மையான அகலம்

டெக்சஸில் கட்டுமானங்களின் மறைமுகப் பாதிப்பை மதிப்பிடும்போது, இந்தக் குருவியின் காட்டில் 300 அடி என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதைத் தடத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு மீட்டர் அகலத் தடம் ஒரு கிலோமீட்டர் நீளம் ஓடினால், வெட்டிய நிலம் அரை ஏக்கர்தான். திட்ட அறிக்கையில் அந்த எண்தான் இருக்கும். இரு பக்கமும் 300 அடி சேர்த்தால் 45 ஏக்கர். நல்ல காட்டில் ஒரு இணையின் ஆளுகைப் பரப்பு மூன்றே முக்கால் ஏக்கர் என்று கொண்டால், அந்த ஒரு கிலோமீட்டர் பன்னிரண்டு இணைகளின் வீட்டுக்குள் புகுந்து போகிறது.

இதிலிருந்து வரைபட மேசையில் உடனே பயன்படும் ஒரு விதி கிடைக்கிறது. இரு தடங்களுக்கு நடுவே 600 அடி இருந்தால் நடுவில் தொந்தரவில்லாத இடம் பூச்சியம். 1,200 அடி விட்டால் 600 அடி அகலத்துக்கு ஒரு உள்காடு மிஞ்சும். அழகான வளையங்கள் என்று சொல்லிப் பூங்கா வடிவமைப்பாளர் வரையும் எட்டு வடிவ, பூவிதழ் வடிவத் தடங்கள் எல்லாம் உள்காட்டை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். நீளம் குறையாமல் கேடு குறைய வேண்டுமானால், எல்லாத் தடங்களையும் ஒரே ஓரமாக ஒதுக்கி, மீதியை முழுத் துண்டாக விட வேண்டும்.

எந்த ஓரம் என்பதும் முக்கியம். பழைய பண்ணைச் சாலை, மின்கம்பிக்காக ஏற்கெனவே வெட்டிய பட்டை, வீட்டுமனைகளை ஒட்டிய விளிம்பு ஆகியவை கெட்டுப்போன இடங்கள். தடத்துக்கு அவை போதும். ஓடைப் பள்ளத்தின் அடிப்பகுதியை விட்டுவிட வேண்டும். ஓக் செறிந்து, புழு மலிந்து, மார்ச்சில் முதலில் வரும் ஆண்கள் பிடிக்கும் இடம் அது. சிக்கல் என்னவென்றால் மக்கள் போக விரும்புவதும் அங்கேதான், தண்ணீர் இருப்பதால். இதற்குச் சமரசமாகச் செய்யக்கூடியது, ஓடையை ஓரிடத்தில், பாலம் அல்லது பழைய சாலைக் கடவு இருக்கும் இடத்தில், நேர்குத்தாகக் கடக்கும் தடம். ஓடையோடு கூடவே போகும் தடத்துக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் குழாய் காட்டுக்குள் இல்லை, வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கிறது. இருபது வண்டி நிற்கும் இடத்தை அறுபதாக்கினால், தடத்தில் ஒரு அங்குலம்கூடக் கூட்டாமல் ஆள் எண்ணிக்கை மும்மடங்காகிவிடும். 1996-இல் தொடரலாம் என்று விட்டுவைத்த தடங்களில் இதுதான் நடந்த ஆபத்து. எந்த வகைப் பயன்பாடு என்பதை எழுதி வைப்பது எளிது. எத்தனை பேர் என்பதை எழுதாமல் விட்டால், நகரின் மக்கள்தொகை இரட்டிப்பாகும்போது அதே தடம் வேறு தடமாகிவிடும். புதிய ஒப்பந்தம் எழுதும் எந்தப் பூங்காவும் நிறுத்துமிட எண்ணிக்கையை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது நல்லது. மூடியுள்ள குப்பைத்தொட்டியும் உணவு மேசையும் அந்த நிறுத்துமிடத்தோடு முடிந்துவிட வேண்டும்.

திருட்டுத் தடத்தை மூடுவது

அனுமதியில்லாமல் வெட்டிய தடங்கள் இந்தக் காப்பகத்தின் தீராத தலைவலி. ஓட்டப்பந்தய, சைக்கிள் செயலிகளின் பயண வரைபடத்தில் அவை வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை அதைப் பார்த்தாலே புதுத்தடம் பழகுவதற்குள் பிடித்துவிடலாம். பழகிய தடத்தை மூட ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.

பலகை மட்டும் வைத்தால் மூன்று வாரம் நிற்கும். ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டால் அதையே குதிக்கும் மேடாக்கிவிடுவார்கள், அல்லது சுற்றிப் போய் இரண்டாவது தடம் போடுவார்கள். நடுவில் மட்டும் அடைத்தால் ஒன்று மூன்றாகப் பிரியும். வேலை செய்யும் முறை இது: தடம் பிரியும் இடத்திலிருந்து முதல் திருப்பம்வரை, கண்ணுக்குத் தெரியும் முழு நீளத்தையும் மறைக்க வேண்டும். இறுகிய மண்ணைக் கடப்பாரையாலும் பிக்காசாலும் 10–15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளற வேண்டும். கிளறாத மண்ணில் விதை முளைக்காது, மழைநீர் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். சரிவான இடத்தில் நீர் ஓரமாகத் திரும்பக் குறுக்கே கல்வரிசை வைத்து, செயற்கை மேடுகளை உடைத்துச் சமமாக்க வேண்டும். அதன்மேல் உள்ளூர்ப் புல் விதை தூவி, மேலே காய்ந்த ஜூனிப்பர்க் கிளைகளை அடிமரம் உள்நோக்கியும் நுனி வெளிநோக்கியும் கிடக்குமாறு நெருக்கமாகப் பரப்ப வேண்டும். அப்படிப் போட்டால் இழுத்தெடுப்பது கடினம். நிழலில் புல்லும் எழும், மான் வாயிலிருந்து நாற்றும் தப்பும். கிளைக்காக நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது, விழுந்து கிடப்பதைத்தான் எடுக்க வேண்டும். மறுமுனையையும் அதே நாளில் மூட வேண்டும். ஒரு முனை திறந்திருந்தால் உள்ளே போனவர் வெளியேற வழி தேடி வேலி உடைப்பார்.

காலம் தவறினால் நல்ல வேலையே கேடாகிவிடும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை குருவியின் காட்டில் மரம், புதர் வெட்டுவதில்லை. ஓக் மரத்துக்கு வேறொரு விதி உண்டு. ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய் பிப்ரவரி முதல் ஜூன் முடியவே அதிகம் தொற்றும். அந்த மாதங்களில் ஓக்கில் வெட்டுக் காயம் கூடாது. சாறுண்ணும் வண்டுகள் காயத்தில் வந்து உட்கார்ந்து பூஞ்சை விதைகளைச் சேர்த்துவிடும். வேர்கள் ஒட்டி வளர்வதால் ஒரு மரத்திலிருந்து தோப்பே வாடும். எந்த மாதத்தில் வெட்டினாலும் காயத்துக்கு உடனே பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டு விதியையும் சேர்த்துப் பார்த்தால் செயின்சாவுக்குக் கிடைப்பது செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை ஐந்தே மாதம். ஒப்பந்தப்புள்ளி, நிதி ஒதுக்கீடு, ஆள் சேர்ப்பு எல்லாம் ஆகஸ்டுக்குள் முடியவில்லை என்றால் ஒரு வருடம் போய்விடும். வசந்த காலத்தில் தன்னார்வலர் கூட்டம் சேரும், வானிலை இதமாக இருக்கும், அதிகாரிகளுக்கும் அப்போதுதான் படம் எடுத்துக்கொள்ள ஆசை. அந்த அழைப்புக்கு மறுப்புச் சொல்ல ஒருவர் வேண்டும்.

மூடும் தடத்துக்குப் பதில் வேறெங்கே ஓட்டுவது என்பதை அதே பலகையில் சொல்லிவிட வேண்டும். காப்பகத்துக்கு வெளியே, பழைய மேய்ச்சல் நிலத்திலோ ஏற்கெனவே வெட்டப்பட்ட புதர்க்காட்டிலோ சவாலான நல்ல தடம் அமைத்துக் கொடுத்த பிறகு மூடினால், எதிர்ப்பு பாதியாகும். பலகையை நிறுத்துமிடத்திலேயே வைக்க வேண்டும். காட்டுக்குள் ஒரு மைல் வந்தவர் திரும்பிப் போக மாட்டார். “உள்ளே நுழையாதே” என்பதைவிட “மார்ச் 1 – ஆகஸ்ட் 31: கூடு கட்டும் காலம்” என்று தேதியோடு எழுதுவது பலன் தரும்.

எதை எண்ணுவது

டெக்சஸ் முழுவதற்குமான ஒரு கணிப்பு மாதிரி 2012-இல் 2,63,339 ஆண் பறவைகள் என்ற எண்ணைத் தந்தது. 2015-இல் இந்தக் குருவியைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரிய மனு அந்த எண்ணையும் ஆதாரமாகக் காட்டியது. மாதிரியின் துல்லியம் குறித்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பூங்கா தன் தடத்தைப் பற்றி முடிவெடுக்க, பாடும் ஆண்களின் எண்ணிக்கை போதாது. எத்தனை ஆளுகைப் பரப்புகளில் குஞ்சு வெளியேறியது என்பதே கேள்வி.

ஆஸ்டினில் 100 ஏக்கர் அளவுள்ள கட்டங்களைத் தேர்ந்து, ஆண்டுதோறும் அதே கட்டங்களில் கணக்கெடுக்கிறார்கள். மற்றப் பூங்காக்களும் பின்பற்றத் தக்க வடிவம் அது. மார்ச் நடுவிலிருந்து மே முடியும்வரை வாரம் ஒரு முறையாவது, விடிந்ததும் தொடங்கி முற்பகலில் முடித்துவிட வேண்டும். காற்று பலமாக வீசும் நாளும் மழை நாளும் கணக்கில் வராது. பாடும் ஒவ்வொரு ஆணையும் வரைபடத்தில் புள்ளியாக்கும்போது, இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே பாடுவதைத் தனிக் குறியால் குறிக்க வேண்டும். அந்தக் குறிதான் இது ஒரே பறவை இடம் மாறிப் பாடியதா, இரண்டு பறவைகளா என்பதைத் தீர்க்கும். இதைக் குறிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. எண்ணிக்கை தாறுமாறாகக் கூடிவிடும்.

ஏப்ரல் இரண்டாம் பாதியிலிருந்து பாட்டைத் தேடுவதைக் குறைத்து, குஞ்சுகளைத் தேட வேண்டும். கூட்டை விட்டு இறங்கிய குஞ்சுகள் வால் வளராமல், இரைக்காக விடாமல் கத்திக்கொண்டே இருக்கும். தாயும் தந்தையும் ஆளுக்குச் சில குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொண்டு சுமார் நான்கு வாரம் ஊட்டும். அலகில் பச்சைப் புழுவோடு ஒரு வளர்ந்த குருவி போவதைக் கண்டால் அசையாமல் நின்று, அது எங்கே இறங்குகிறது என்று பார்த்தால் போதும். கூட்டைத் தேடிக் கிளை விலக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஆய்வே தொந்தரவாகிவிடும். மிதித்த தடமும் மனித வாடையும் அங்கே மிஞ்சும்.

கட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தடமுள்ளதும் இல்லாததும் இணையாக இருக்க வேண்டும். சரிவு, ஓக் அளவு, இலைக்கூரை ஆகியவை இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். நல்ல பள்ளத்தாக்கில் தடமும் வறண்ட மேட்டில் தடமில்லாக் கட்டமும் வைத்து ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லை என்று முடிவெழுதும் அறிக்கைகள் வருவதுண்டு. அப்படி ஒரு அறிக்கை மேசைக்கு வந்தால், முதல் கேள்வி கட்டங்களின் இலைக்கூரை விழுக்காட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, தடம் போடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு இருக்கிறதா என்பது. பெரும்பாலும் இருக்காது. புதுத் தடம் கேட்பவர்களிடம், மண்வெட்டி தொடுவதற்கு முன் இரண்டு கூடு காலக் கணக்கெடுப்பு என்ற நிபந்தனையை வைப்பது அதனால்தான்.

மூடிய தடத்தில் நட்ட ஓக் நாற்றுகளைச் சுற்றி மான் எட்டாத உயரத்துக்குக் கம்பிக் கூண்டு வேண்டும். புறநகரில் வெண்வால் மான்கள் பெருகிக் கிடக்கின்றன. மக்கள் தீனி போட்டு வளர்க்கவும் செய்கிறார்கள். கூண்டில்லாத நாற்று ஒரு குளிர்காலம் தாண்டாது. ஜூனிப்பருக்குக் கூண்டு தேவையில்லை, மான் அதை அவ்வளவாகத் தொடாது, தானாகவே முளைத்துக்கொள்ளும். ஆனால் அது பறவைக்கு நார் தரும் வயதை எட்ட இருபது ஆண்டுக்கு மேலாகும். தடம் போட வந்தவர் ஒரு பிற்பகலில் ஜூனிப்பரை வெட்டித் தள்ளிய இடத்தில், இன்று முளைக்கும் கன்றின் பட்டையை ஒரு பெண் குருவி உரித்துப் பார்க்கும்போது, இந்தக் கணக்கெடுப்புத் தாள்களை வேறு யாரோ நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகக் கூண்டின் எண்ணையும் நட்ட தேதியையும் அலுமினியத் தகட்டில் பொறித்துக் கட்டி வைக்க வேண்டும். காகித அட்டை அத்தனை காலம் நிற்காது.